டிபிஓஏ, டைஹைட்ரோகைனேட், பிடிசி: குளூட்டமேட் கடத்தித் தடுப்பிகளில் எதை, எந்தச் செறிவில் பயன்படுத்துவது?

கடல்குதிரை எழுதியது:

எலியின் ஹிப்போகேம்பஸ் (நினைவுடன் தொடர்புடைய மூளைப்பகுதி) சீவல்களில், அதன் சிஏ1 பகுதியின் பிரமிடு நரம்பணுக்களிலிருந்து பேட்ச் கிளாம்ப் (நுண் மின்முனையால் ஒரு செல்லின் மின்னோட்டத்தை அளக்கும்) முறையில் பதிவு செய்துவருகிறேன். நரம்பணுக்களைத் தூண்டும் சைகைப்பொருளான குளூட்டமேட்டைப் புறவெளியிலிருந்து செல்லுக்குள் ஏற்றி அகற்றும் சவ்வுப் புரதங்களே கடத்திகள்; இந்தப் பணியில் ஜிஎல்டி-1 கடத்திக்கு எவ்வளவு பங்கு, கிளாஸ்ட் கடத்திக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிவதே என் நோக்கம். மனிதரில் முன்னதற்கு ஈஏஏடி2 என்றும் பின்னதற்கு ஈஏஏடி1 என்றும் பெயர் என்பதை இங்கு வருபவர்கள் அறிவார்கள்.

300 மைக்ரோமோலார் டைஹைட்ரோகைனேட் செலுத்தும்போது, குளூட்டமேட் பிணைந்தால் திறக்கும் என்எம்டிஏ ஏற்பிகளின் வழியாக ஓடும் தொடர் மின்னோட்டம் மிகச் சிறிதளவே கூடுகிறது. 100 மைக்ரோமோலார் டிஎல்-டிபிஓஏ செலுத்தினால் அது பன்மடங்கு கூடுவதோடு, சில சீவல்களில் வலிப்பை ஒத்த வெடிப்புகளும் தோன்றுகின்றன. டைஹைட்ரோகைனேட் ஜிஎல்டி-1-ஐ மட்டும் தடுப்பது, டிபிஓஏ எல்லாவற்றையும் தடுப்பது என்பதால், "இந்தப் பகுதியில் கிளாஸ்ட்தான் பெரும்பணி செய்கிறது" என்று எங்கள் குழுவில் சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஜிஎல்டி-1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் கொடிய வலிப்பால் இறக்கின்றன என்று 1997இலேயே காட்டப்பட்டிருக்க, இம்முடிவை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? பழைய கட்டுரைகளில் பரவலாகக் காணப்படும் பிடிசியையும் ஒரு முறை பயன்படுத்திப் பார்க்கலாமா?

உறைபனி எழுதியது:

பிடிசி பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு விடை எளிது: இந்தச் சோதனைக்கு அது வேண்டாம்.

நாம் "தடுப்பி" என்று ஒரே பெயரில் அழைப்பவற்றில் இரு வகைகள் உள்ளன. ஒரு வகை, கடத்தியின் பிணைப்பிடத்தில் அமர்ந்து, குளூட்டமேட்டைப் போலவே தானும் உள்ளே கடத்தப்படுவது. எல்-ட்ரான்ஸ்-பிடிசியும், அதற்கும் முந்தைய த்ரியோ-ஹைட்ராக்சி அஸ்பார்ட்டேட்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. கடத்தி அவற்றை உள்ளே இறக்கிவிட்டுத் திரும்பும்போது, செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்கும் குளூட்டமேட்டை ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறது. ஆகவே பிடிசி செலுத்திய பின் புறவெளிக் குளூட்டமேட் உயர்ந்தால், அகற்றல் நின்றதால் உயர்ந்ததா அல்லது பிடிசியே பண்டமாற்றாக வெளியே இழுத்துவந்ததா என்று உங்களால் பிரித்துச் சொல்ல இயலாது. போதாக்குறைக்கு, கடத்தப்படும் ஒவ்வொரு மூலக்கூறும் சோடியத்தையும் கூட்டிச்செல்வதால் ஆஸ்ட்ரோசைட்டின் (இக்கடத்திகளைப் பெருமளவு தாங்கியுள்ள, நரம்பணுக்களைச் சூழ்ந்த துணைச் செல்) அயனி நிலையே மாறிவிடும்.

மற்ற வகை, பிணைந்த பிறகு கடத்தியை அசையவிடாமல் பூட்டிவிடுவது. டைஹைட்ரோகைனேட்டும் டிபிஓஏவும் இவ்வகையின. டிபிஓஏ ஜப்பானின் சன்டோரி உயிர்க்கரிம ஆய்வு நிறுவனத்தில் கெய்கோ ஷிமமோட்டோவின் குழுவால் உருவாக்கப்பட்டு 1998இல் வெளியிடப்பட்டது. அது எவ்வாறு பூட்டுகிறது என்பதை, பைரோகாக்கஸ் ஹொரிகோஷீ என்ற ஆர்க்கியாவின் ஒத்த கடத்தியில் 2007இல் படிகக் கட்டமைப்பாகவே காட்டினார்கள். அஸ்பார்ட்டேட் பகுதி வழக்கமான இடத்தில் அமர்கிறது; அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பென்சைல் வளையம், பிணைப்பிடத்தின் மூடியாகிய இரண்டாம் கொண்டையூசி வளைவை மூடவிடாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. மூடி மூடாமல் கடத்துக்களம் சவ்வுக்குள் இறங்க முடியாது. கடத்துக்களம் முழுவதும் மின்தூக்கியைப் போல் சவ்வின் குறுக்கே ஏறியிறங்குகிறது என்பது 2009இல் தெளிவான பிறகு, இந்தப் பூட்டு ஏன் இவ்வளவு திறம்படச் செயல்படுகிறது என்பதும் விளங்கிற்று.

ஒரு சேர்மம் எந்த வகை என்று ஐயம் இருந்தால் மின்னோட்டத்தைப் பாருங்கள். கடத்தி வெளிப்படுத்தப்பட்ட தவளை முட்டைச் செல்லில், கடத்தப்படும் தடுப்பி உள்நோக்கிய மின்னோட்டத்தை எழுப்பும். கடத்தப்படாதது அவ்வாறு எழுப்பாது. மாறாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எதிரயனிக் கசிவை நிறுத்திவிடும்.

தராசு எழுதியது:

உறைபனி கூறியதுடன் முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் கடல்குதிரையின் உண்மையான சிக்கல் தடுப்பியின் வகையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எவ்வளவு தடுத்தோம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் அவருடைய இரு முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

ஈஏஏடி2-இல் டைஹைட்ரோகைனேட்டின் தடுப்பு மாறிலி (குளூட்டமேட் குறைவாக உள்ளபோது பாதியளவு தடுக்கத் தேவையான செறிவு) ஏறத்தாழ 23 மைக்ரோமோலார். ஈஏஏடி1-இலும், நரம்பணுக்களின் கடத்தியான ஈஏஏடி3-இலும் அது 3 மில்லிமோலாருக்கும் மேல் என்று மனிதக் கடத்திகள் மூன்றையும் படியெடுத்து ஒப்பிட்ட 1994ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உள்ளது. குளூட்டமேட் செறிவு கடத்தியின் மிகேலிஸ் மாறிலியைவிட (கடத்தி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் குளூட்டமேட் செறிவு) வெகு குறைவாக இருக்கும் நிலையில், 300 மைக்ரோமோலார் கொடுத்தால் ஜிஎல்டி-1-இல் சுமார் 93 விழுக்காடு தடுக்கப்படும். கிளாஸ்ட்டில் 9 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கப்படாது. டிஎல்-டிபிஓஏவின் பாதித் தடுப்புச் செறிவு ஈஏஏடி2-க்கு ஏறத்தாழ 6 மைக்ரோமோலார், ஈஏஏடி1-க்கோ 70 மைக்ரோமோலார். அப்படியானால் 100 மைக்ரோமோலாரில் ஜிஎல்டி-1-இன் 94 விழுக்காடு போய்விடும், கிளாஸ்ட்டில் 59 விழுக்காடுதான் போகும். "எல்லாவற்றையும் தடுப்பது" என்று கட்டுரைகளில் எழுதப்படும் அந்தச் செறிவில் கிளாஸ்ட்டின் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இனி, சிஏ1-இன் ஸ்ட்ரேட்டம் ரேடியேட்டம் அடுக்கில் ஆஸ்ட்ரோசைட் சவ்வின் ஒவ்வொரு சதுர மைக்ரோமீட்டரிலும் ஜிஎல்டி-1 சுமார் 8500 மூலக்கூறுகளும் கிளாஸ்ட் சுமார் 2300 மூலக்கூறுகளும் இருப்பதாக லேரும் டான்போல்ட்டும் 1998இல் அளந்து சொன்னார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் இயங்குவதாக வைத்துக்கொண்டால், மொத்தத் திறனில் 79 விழுக்காடு ஜிஎல்டி-1-உடையது. டைஹைட்ரோகைனேட் கொடுத்த பின் மிஞ்சுவது மொத்தத்தில் கால் பங்கு. டிபிஓஏ கொடுத்த பின் மிஞ்சுவது சுமார் 13 விழுக்காடு.

செல்களிலிருந்து புறவெளிக்குக் குளூட்டமேட் கசியும் அளவு மாறாமல் இருக்க, கடத்தித் திறன் கால் பங்காகக் குறைந்தால் புறவெளிச் செறிவு நான்கு மடங்காகித்தான் புதிய சமநிலையை அடையும். ஹிப்போகேம்பஸ் சீவலில் அடிப்படைச் செறிவு சுமார் 25 நானோமோலார் என்று ஹெர்மன், ஜார் (Jahr) ஆகிய இருவரும் 2007இல் மதிப்பிட்டார்கள். எனவே டைஹைட்ரோகைனேட்டில் அது 100 நானோமோலாரை நெருங்கும், டிபிஓஏவில் 190-ஐ. என்எம்டிஏ ஏற்பி பாதியளவு திறப்பதற்கே 2 அல்லது 3 மைக்ரோமோலார் வேண்டும். தவிரவும், ஏற்பி திறக்க இரண்டு குளூட்டமேட் மூலக்கூறுகள் பிணைய வேண்டியிருப்பதால், இந்தத் தாழ்ந்த செறிவுகளில் செறிவு இருமடங்கானால் மின்னோட்டம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நீங்கள் கண்டது இதுதான். ஐந்தில் நான்கு பங்கு வேலையை ஜிஎல்டி-1 செய்யும் ஒரு திசுவில்கூட, அதை மட்டும் தடுத்தால் சிறிய மின்னோட்டமும், கூடவே கிளாஸ்ட்டில் பாதியைத் தடுத்தால் பெரிய மின்னோட்டமும் கிடைத்தே தீரும். உங்கள் குழுவினரின் முடிவுக்கு இந்தத் தரவில் ஆதாரம் இல்லை.

உண்மையாகவே ஏறத்தாழ முழுத் தடுப்பு வேண்டுமென்றால் டிஎஃப்பி-டிபிஓஏ இருக்கிறது. 2004இல் வந்தது, ஈஏஏடி1, ஈஏஏடி2, ஈஏஏடி3 ஆகியவற்றில் அதன் பாதித் தடுப்புச் செறிவுகள் முறையே 22, 17, 300 நானோமோலார். ஒரு மைக்ரோமோலாரில் ஆஸ்ட்ரோசைட் கடத்திகளான ஜிஎல்டி-1, கிளாஸ்ட் இரண்டிலும் 2 விழுக்காடு அளவே மிஞ்சும், நரம்பணுவின் ஈஏஏடி3-இல் மட்டும் கால் பங்கு மிஞ்சும். அடிப்படைச் செறிவு அப்போது ஐம்பது மடங்காகி, மைக்ரோமோலாரைத் தாண்டிவிடும். கடைசிச் சில விழுக்காடுகளில்தான் எல்லாமே நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மின்முனை எழுதியது:

தராசின் கணக்கு அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே சற்று எச்சரிக்கை தேவை என்று நினைக்கிறேன். அதில் மூன்று எடுகோள்கள் சத்தமில்லாமல் நுழைந்திருக்கின்றன.

கசிவு மாறாது என்பது முதலாவது. கடல்குதிரையின் சீவல்களில் வெடிப்புகள் தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். வெடிப்பு நிகழும் வலையமைப்பில் குளூட்டமேட் வெளிப்பாடு பன்மடங்கு கூடும். அப்போது நீங்கள் அளப்பது கடத்தித் தடுப்பின் விளைவை மட்டுமல்ல, தடுப்பால் கிளர்ந்தெழுந்த வலையமைப்பின் விளைவையும் சேர்த்துத்தான். நரம்பணுவின் மின்துடிப்புகளை (செயல்மின்னழுத்தங்களை) நிறுத்தும் டெட்ரோடோடாக்சினும், ஆம்பா, கைனேட் என்ற பிற குளூட்டமேட் ஏற்பிகளின் தடுப்பியான என்பிகியூஎக்ஸும் இல்லாமல் எடுத்த டிபிஓஏ பதிவுகளை அளவுக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்பிகியூஎக்ஸ் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு: டைஹைட்ரோகைனேட் தன் தாய்ச் சேர்மமான கைனேட்டின் குணத்தை முழுவதும் இழந்துவிடவில்லை, உயர்ந்த செறிவில் கைனேட் ஏற்பிகளைச் சிறிது தூண்டக்கூடும் என்ற ஐயமும் பெருமளவு நீங்கும். செயல்மின்னழுத்தங்களை முற்றிலும் நிறுத்தினாலும் தொடர் மின்னோட்டம் எழும். நரம்பணு குளூட்டமேட்டை அடைத்துவைத்து வெளியிடும் நுண்பைகளைச் சாராத வெளியேற்றம் ஓய்வதே இல்லை என்பதையும், கடத்திகளை நிறுத்தியதும் விரைவிலேயே அது வெளிப்பட்டுவிடுகிறது என்பதையும் 1999இல் டிபிஓஏவைக் கொண்டுதான் காட்டினார்கள்.

திசு முழுவதும் ஒருபடித்தானது என்பது இரண்டாவது. சீவலின் மேற்பரப்பில் செல்கள் சிதைந்திருக்கும். அங்கிருக்கும் குளூட்டமேட் ஓடும் கரைசலில் கரைந்து வெளியேறவும் செய்யும். ஆழத்தில் நிலைமை வேறு. தடுப்பி அங்கே சென்று சேரவும் நேரமாகும். மேற்பரப்புக்கு அருகிலிருக்கும் செல்லிலும் ஆழத்திலிருக்கும் செல்லிலும் ஒரே அளவு தடுப்பை எதிர்பார்க்க இயலாது.

மூன்றாவது, தொடர் மின்னோட்டத்துக்குப் பொருந்துவது சினாப்ஸுக்கும் (இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம்) பொருந்தும் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்ளும் அபாயம். சினாப்ஸ் பிளவில் குளூட்டமேட் ஒரு மில்லிமோலார் அளவுக்கு ஒரு கணம் உயர்கிறது. ஈஏஏடி2-இன் ஒரு முழுச் சுழற்சிக்குச் சுமார் 70 மில்லிவினாடி ஆகும் என்பதால், அந்தக் கணத்தில் கடத்திகள் செய்வது உள்ளே கடத்துவதன்று, பிணைத்துப் பிடித்து வைப்பது. அத்தனை கடத்திகள் சவ்வில் குவிந்திருப்பதன் பயன் இங்குதான் தெரிகிறது. டைஹைட்ரோகைனேட் போன்ற போட்டித் தடுப்பி, உயர்ந்த குளூட்டமேட் செறிவில் தன் பிடியையும் இழக்கும்: குளூட்டமேட் மிகேலிஸ் மாறிலிக்குச் சமமாகிவிட்டால் தேவைப்படும் தடுப்பியின் செறிவு இருமடங்காகும்.

இதனால்தான் சிஏ1-இல் ஆம்பா ஏற்பிகளின் சினாப்ஸ் மின்னோட்டம் கடத்தித் தடுப்பால் அதிகம் நீளாமல், வலுவாகத் தூண்டும்போது என்எம்டிஏ மின்னோட்டம் மட்டும் நீள்கிறது; சிறுமூளையின் பர்கின்ஜி செல்லிலோ ஆம்பா மின்னோட்டமே கண்ணுக்குத் தெரியும்படி நீள்கிறது. இரண்டு இடங்களையும் ஒரே விதியால் விளக்க முயல வேண்டாம். வெப்பநிலையையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். அறை வெப்பநிலையில் கடத்திகள் உடல் வெப்பநிலையில் இயங்குவதில் பாதி வேகத்தைக்கூட எட்டுவதில்லை. குளிர்ந்த சீவலில் குளூட்டமேட் அண்டை சினாப்ஸுகளுக்கு வழிந்தோடுவதைக் கண்டு, அதை மூளையின் இயல்பு என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது.

விண்மீன்செல் எழுதியது:

ஒரு சிறு இடைச்செருகல். மேலே எல்லோரும் ஜிஎல்டி-1 என்றாலே ஆஸ்ட்ரோசைட் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். ஹிப்போகேம்பஸில் ஜிஎல்டி-1 புரதத்தின் பத்தில் ஒரு பங்கு அளவு நரம்பணுக்களின் அச்சிழை முனைகளில் இருக்கிறது. அளவில் சிறிதென்றாலும், சீவலை, கடத்திகள் குளூட்டமேட்டைப் போலவே ஏற்கும் டி-அஸ்பார்ட்டேட்டில் ஊறவைத்தால் அச்சிழை முனைகள் அதை வியக்கத்தக்க அளவில் உள்வாங்குகின்றன என்று 2008இல் காட்டப்பட்டது. டைஹைட்ரோகைனேட்டுக்கு ஆஸ்ட்ரோசைட் எது, அச்சிழை எது என்று தெரியாது. எந்தச் செல்லின் கடத்தி என்று சொல்ல வேண்டுமானால் செல்வாரியாக மரபணு நீக்கிய சுண்டெலிகள்தாம் வழி. அவற்றில் வலிப்பும் இறப்பும் ஆஸ்ட்ரோசைட்டிலிருந்து நீக்கும்போதுதான் வருகின்றன, நரம்பணுவிலிருந்து நீக்கும்போது வருவதில்லை.

செல் வளர்ப்பில் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று. தனியாக வளர்க்கப்படும் ஆஸ்ட்ரோசைட்டுகள் பெரும்பாலும் கிளாஸ்ட்டையே வெளிப்படுத்துகின்றன. நரம்பணுக்கள் உடனிருந்தாலோ டைபியூட்டைரில் சைக்ளிக் ஏஎம்பி என்ற சேர்மத்தைச் சேர்த்தாலோதான் ஜிஎல்டி-1 கணிசமாகத் தோன்றும். அந்த வளர்ப்பில் டைஹைட்ரோகைனேட் ஒன்றும் செய்யவில்லை என்றால் அது மருந்தின் பழுதும் அன்று, மூளையைப் பற்றிய செய்தியும் அன்று.

கடல்குதிரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தராசின் கணக்கை என் தரவுகளுடன் ஒப்பிட்டேன். வெடிப்புகள் இல்லாத சீவல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் விகிதம் அவர் சொன்ன திசையிலேயே இருக்கிறது. டெட்ரோடோடாக்சினும் என்பிகியூஎக்ஸும் சேர்த்து மீண்டும் பதிவு செய்யப்போகிறேன்.

இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. டைஹைட்ரோகைனேட்டுக்குப் பதிலாக வே-213613 பயன்படுத்தினால் கூடுதல் தேர்வுத்தன்மை கிடைக்குமா? மறுபக்கம், கிளாஸ்ட்டை மட்டும் தடுக்க யுசிபிஎச்-101 நம்பகமானதா? இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்: பக்கத்து ஆய்வகத்தினர் குருதியோட்டம் தடைபடும் குருதித்தடைச் சோதனைகளில் டிபிஓஏ நரம்பணுவைக் காக்கும் என்கிறார்கள், நாமோ அது நரம்பணுவைக் கொல்லும் என்று படித்திருக்கிறோம்.

தராசு எழுதியது:

வே-213613 வீரியம் மிக்கது. ஆனால் வீரியமும் தேர்வுத்தன்மையும் ஒன்றல்ல. ஈஏஏடி2-இல் அதன் பாதித் தடுப்புச் செறிவு 85 நானோமோலார், ஈஏஏடி1-இல் சுமார் 5 மைக்ரோமோலார், ஈஏஏடி3-இல் 3.8 மைக்ரோமோலார். ஒரு மைக்ரோமோலார் கொடுத்தால் ஜிஎல்டி-1-இல் 92 விழுக்காடு போகும், கூடவே கிளாஸ்ட்டில் 17 விழுக்காடும் ஈஏஏடி3-இல் 21 விழுக்காடும் போகும். பழைய டைஹைட்ரோகைனேட்டின் இடைவெளி 130 மடங்குக்கும் மேல். இதனுடையது 60 மடங்கு அளவே. கைனேட் ஏற்பித் தொல்லை இல்லை என்பதும், குறைந்த செறிவே போதும் என்பதும் இதன் உண்மையான மேன்மைகள். இரண்டையும் தனித்தனிச் சீவல்களில் பயன்படுத்தி, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேதியியல் அமைப்பில் தொடர்பற்ற இரு சேர்மங்கள் ஒரே விடையைத் தந்தால்தான் நான் நம்புவேன்.

மேலே உள்ள எண்கள் யாவும் செல்களில் வெளிப்படுத்திய கடத்திகளில் அளக்கப்பட்டவை. மருந்து விற்போரின் பட்டியலிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, அது எந்தக் குளூட்டமேட் செறிவில் அளக்கப்பட்டது என்று பாராமல் சீவலுக்குப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் எனக்கு உவப்பானதன்று.

உறைபனி எழுதியது:

யுசிபிஎச்-101 கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திலிருந்து 2009இல் வந்தது. ஈஏஏடி1-இல் பாதித் தடுப்புச் செறிவு 0.66 மைக்ரோமோலார், ஈஏஏடி2-இலும் ஈஏஏடி3-இலும் 300 மைக்ரோமோலார் வரை விளைவு இல்லை. இது குளூட்டமேட்டின் பிணைப்பிடத்தில் அமர்வதே இல்லை. மனித ஈஏஏடி1-இன் கட்டமைப்பு 2017இல் வெளியானபோது, நிலையான சாரக்களத்துக்கும் அசையும் கடத்துக்களத்துக்கும் இடையிலுள்ள, நீரை ஒதுக்கும் ஒரு பள்ளத்தில் இது செருகிக்கொண்டு கடத்துக்களத்தின் அசைவைத் தடுப்பதைக் கண்டார்கள். இதிலிருந்து உங்களுக்கு இரண்டு பயன்கள். இது போட்டித் தடுப்பி அன்று என்பதால், புறவெளிக் குளூட்டமேட் உயர்ந்தாலும் பிடி தளராது. மின்முனை சினாப்ஸைப் பற்றி எழுப்பிய ஐயம் இதற்குப் பொருந்தாது. ஆனால் பிணைப்பு எளிதில் விடுபடாது, எனவே கழுவிவிட்டு மீட்சியைக் காட்டும் வழக்கமான கட்டுப்பாட்டுச் சோதனையை இதில் எதிர்பார்க்க வேண்டாம். முழு விலங்கில் செலுத்துவோருக்கு யுசிபிஎச்-102 பொருத்தமானது. 101 மூளைக்குள் போதிய அளவு நுழைவதில்லை.

மின்முனை எழுதியது:

குருதித்தடை பற்றிய முரண் வெறும் தோற்றமே. ஒரு குளூட்டமேட்டை உள்ளே கொண்டுசெல்ல மூன்று சோடியம் அயனிகளும் ஒரு புரோட்டானும் உடன் நுழைகின்றன, ஒரு பொட்டாசியம் வெளியேறுகிறது. ஆற்றல் தீர்ந்து இந்த அயனிச் சரிவுகள் குலைந்தால், அதே கடத்தி பின்னோக்கி ஓடிக் குளூட்டமேட்டை வெளியே கொட்டும். இப்படி ஓட முடியும் என்பதை ஆட்வெல் குழுவினர் 1990இல் காட்டினார்கள். கடும் குருதித்தடையில் வெளியாகும் குளூட்டமேட்டின் பெரும்பகுதி இவ்வழியாகவே வருகிறது என்று 2000இல் காட்டினார்கள். டிபிஓஏ இரு திசைகளையும் பூட்டுகிறது. எனவே முன்னோக்கி ஓடும் நலமான திசுவில் அது கேடு. பின்னோக்கி ஓடத் தொடங்கிவிட்ட திசுவில் அது காப்பாக அமையலாம். குருதியோட்டம் ஓரளவே குறைந்து, கடத்திகள் இன்னும் முன்னோக்கியே இயங்கும் விளிம்புப் பகுதியில் மீண்டும் கேடு. பக்கத்து ஆய்வகத்தினர் எந்த நிமிடத்தில், எந்தப் பகுதியில் அளந்தார்கள் என்று கேளுங்கள். பிடிசி கொடுத்திருந்தால் அந்த விவாதமே வேறாகியிருக்கும், ஏனெனில் அது தானே உள்ளே நுழைந்து பின்னோட்டத்துக்குத் தீனி போடும்.

உங்கள் சோதனைக்கு என் பரிந்துரை இது. டெட்ரோடோடாக்சினும் என்பிகியூஎக்ஸும் முதலிலிருந்தே இருக்கட்டும். வெப்பநிலை 34 டிகிரியில் நிற்கட்டும். சில சீவல்களில் முதலில் டைஹைட்ரோகைனேட், அது நிலைபெற்றபின் அதன் மேல் யுசிபிஎச்-101. வேறு சில சீவல்களில் முதலில் யுசிபிஎச்-101, பிறகு டைஹைட்ரோகைனேட். தராசு சொன்னது சரியானால், யுசிபிஎச்-101 தனியாகக் கொடுக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் நிகழாது, இரண்டாவதாகக் கொடுக்கும்போது மட்டும் பெரிய மின்னோட்டம் எழும். கிளாஸ்ட்தான் பெரும்பணி செய்கிறது என்றால் முதலில் கொடுத்தபோதே எழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் டிஎஃப்பி-டிபிஓஏ செலுத்தி உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தச் சீவலைக் கழுவி மீட்க நேரத்தைச் செலவிடாதீர்கள், அது அவ்வளவு எளிதில் விட்டு விலகாது.

கடல்குதிரை எழுதியது:

வரிசையை மாற்றிச் செலுத்துவது எங்கள் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. யுசிபிஎச்-101 இன்னும் கையில் இல்லை. வரவழைத்து, இரு வரிசைகளிலும் பதிவு செய்தபின் மின்னோட்ட அளவுகளை இதே இழையில் இடுகிறேன். அதுவரை, டெட்ரோடோடாக்சின் இல்லாமல் எடுத்த பழைய டிபிஓஏ பதிவுகளைக் கணக்கிலிருந்து விலக்கிவைக்கிறேன்.